பழைய காரின் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் புதுப்பிக்கும் முறை

வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்று, கார் முன்னேறாமல் திணறினால், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் (ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மறுசக்கரத்துக்கும் விசையைச் செலுத்தும் பின் ஆக்ஸில் அமைப்பின்) உள்ளேயிருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மெதுவாகத் திரும்பும்போது பின்புறம் கடகடவென்று அதிர்வது வேறு விஷயம். அதையும் தேய்மானம் என்று எண்ணிப் பலர் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் உராய்வைச் சீராக்கும் சேர்மம் கலக்காத ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலும் இதே அதிர்வு வரும். ஆகவே அதிர்வு மட்டுமே குறை என்றால், முதலில் ஆயிலை முழுவதும் வடித்து, சரியான ஆயிலையும் சேர்மத்தையும் ஊற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பாதி வண்டிகளைப் பிரிக்கவே வேண்டியிராது என்பது என் எண்ணம்.

பிரிப்பதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே சொல்லும் முறை பிளேட் வகைக்கு மட்டுமே பொருந்தும். கூம்பு வகையில் தேய்ந்த கூம்பும் அது அமரும் கூடும் சேர்ந்தே பாழாவதால், முழு அமைப்பையும் மாற்றுவதே வழக்கம். விஸ்கஸ் வகை திரவம் அடைத்து மூடப்பட்டது. அதைக் கையால் புதுப்பிக்க இயலாது. டார்சன் போன்ற பற்சக்கர வகைகளில் இத்தகைய கிளட்ச் அடுக்கே கிடையாது.

அடுத்து, கழற்றுவதற்கு முன்பே ஓர் அளவு எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றொரு பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்தபின், தூக்கிய சக்கரத்தின் மையத்தில் டார்க் ரெஞ்ச் பூட்டிச் சுழற்ற வேண்டும். குறித்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் ரெஞ்ச் இதற்கு உதவாது. முள் நகர்ந்து அளவைக் காட்டும் ரெஞ்சே வேண்டும். அசையத் தொடங்கும்போது காட்டும் அளவையும், தொடர்ந்து சுழலும்போது காட்டும் அளவையும் தனித்தனியே குறித்து, வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் தேய்மானத்தின் அளவு தெரிந்துவிடும். வேலை முடிந்த பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்தால்தான் செய்த வேலை பலித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பிரிக்கும்போது இரு பின்சக்கரங்களையும் தூக்கி, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகே கீழே நுழைய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஆயிலை வடித்துப் பின்மூடியைத் திறந்ததும், கிரவுன் வீலுக்கும் (டிஃபரன்ஷியல் கூட்டில் பூட்டிய பெரிய பற்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனுக்கும் இடையே உள்ள பேக்லாஷை (பற்களுக்கிடையே உள்ள ஆட்டத்தை) டயல் கேஜ் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் கூட்டைத் தாங்கும் இருபுறப் பேரிங் கேப்புகளும் வெளிப்புற ஆக்ஸில் கூட்டோடு சேர்த்தே துளையிடப்பட்டவை; ஆகவே எது இடது, எது வலது, எந்தப் பக்கம் மேல் என்று பஞ்சால் அடையாளம் குத்தாமல் ஒன்றையும் கழற்ற வேண்டாம். பக்கவாட்டுச் சிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையங்கள்) அந்தந்தப் பக்கப் பேரிங்கோடு சேர்த்துத் தனிப் பையில் கட்டி வையுங்கள். ஒருமுறை இந்தச் சிம்களை ஒரே தட்டில் போட்டுவிட்டு, எது எந்தப் பக்கத்தது என்று கண்டறிய ஒரு பகல் முழுவதையும் செலவழித்தேன்.

ஆக்ஸிலின் உள்முனையில் அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப் உள்ள வண்டிகளில், முதலில் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் சிறிய போல்ட்டைக் கழற்றி, ஊசியை உருவி, ஆக்ஸிலை உள்ளே தள்ளிக் கிளிப்பை எடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தப் போல்ட் முறியக்கூடியது என்பதால் சரியாகப் பொருந்தும் ஸ்பேனரைக் கொண்டு நிதானமாகத் திருப்புங்கள். கிரவுன் வீல் போல்ட்டுகள் சில வண்டிகளில் இடதுமரை கொண்டவை. போல்ட்டின் தலையைப் பார்க்காமல் பலத்தைப் பிரயோகித்தால் அவை இறுகிக்கொண்டே போய் முறியும். பினியனைத் தொட வேண்டியதே இல்லை. அதன் ஆழம் மாறாதவரை பிற்பாடு செய்யவேண்டிய சரிசெய்தல் மிகக் குறைவு.

கேப்புகளைக் கழற்றி டிஃபரன்ஷியல் கூட்டை வெளியே எடுங்கள். கூட்டின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், அதைத் தட்டி வெளியேற்றும்போது கண்ணாடி அணிந்து, எதிரில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சிறு பற்சக்கரங்களையும், பக்கப் பற்சக்கரங்களையும், அவற்றின் பின்னால் அடுக்கியிருக்கும் பிளேட்டுகளையும் வெளியே எடுத்து, எடுத்த வரிசை கலையாமல் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். இடது அடுக்குக்கு ஒரு கம்பி, வலதுக்கு ஒரு கம்பி.

இப்போது ஒரு பிளேட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உராய்வு பிளேட்டின் முகத்தில் ஆயில் தங்குவதற்கென வெட்டிய கோடுகள் அழிந்து வழவழப்பாகப் பளபளத்தால் அதன் ஆயுள் முடிந்தது. எஃகு பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அது சூடேறிக் கெட்டது; கண்ணாடிப் பலகையில் வைத்து ஒரு விளிம்பை அழுத்தினால் மறுவிளிம்பு எழும்புவது, வளைந்துவிட்டதன் அடையாளம். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: எஃகு பிளேட்டுகளின் காதுகள் கூட்டின் பள்ளங்களில் அடித்து அடித்து உண்டாக்கிய படிகள். நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும் அளவுக்கு அந்தப் படிகள் ஆழமாக இருந்தால், புதிய பிளேட் அங்கே சிக்கி நகர மறுக்கும். அப்படிப்பட்ட கூட்டில் புதிய பிளேட் போடுவது வீண் செலவு. பற்களில் குழி விழுந்த பற்சக்கரங்களையும், கோடு விழுந்த குறுக்கு ஊசியையும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

புதிய பிளேட்டுகளை வாங்கி அப்படியே செருகுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இந்த அமைப்பின் குணத்தைத் தீர்மானிப்பது அடுக்கின் மொத்த உயரமே. ஒவ்வொரு அடுக்கையும் சேர்த்து அழுத்தி மைக்ரோமீட்டரால் அளந்து, இரு பக்கமும் சமமாக இருக்குமாறு சிம் சேர்த்தோ குறைத்தோ ஒழுங்குபடுத்த வேண்டும். பக்கப் பற்சக்கரங்களைப் பிளேட்டுகளோடு பொருத்தி, ஸ்பிரிங் இல்லாமல் சிறு பற்சக்கரங்களையும் ஊசியையும் மட்டும் இட்டு, பற்களுக்கிடையே உள்ள ஆட்டத்தை ஒவ்வொரு பக்கமாக அளந்து பாருங்கள். பல அமைப்புகளில் அது 0.03 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிடிமானம் கூடட்டும் என்று சிம்மை அளவுக்கு மேல் திணித்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி அதிர்வதோடு புதிய பிளேட்டுகளும் விரைவில் கருகும்.

இறுதியாகப் பூட்டுவதற்கு முன் உராய்வு பிளேட்டுகளைச் சேர்மம் கலந்த ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஓர் இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. சிறு பற்சக்கரங்கள் இரண்டையும் கூட்டின் சாளரங்கள் வழியே நேரெதிராக ஒரே சமயத்தில் பற்களில் கோத்து, பக்கப் பற்சக்கரத்தைச் சுழற்றி உள்ளே உருட்டிக் கொண்டுபோக வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் ஊசித் துளை கூட்டின் துளையோடு நேராக நிற்காது. பிரித்துத் திரும்பக் கோப்பதைத் தவிர அதற்கு வழி கிடையாது. ஊசியைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் எண்ணமே வேண்டாம்.

கூட்டை அதன் இடத்தில் இருத்தி, சிம்களை அந்தந்தப் பக்கத்திலேயே வைத்து, கேப்புகளைப் பழைய அடையாளப்படி பூட்டியதும் பேக்லாஷைக் கிரவுன் வீலின் நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பல பயணிகள் கார்களில் அது 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும்; உங்கள் மேனுவல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பேரிங்கை மாற்றியதால் அளவு நகர்ந்திருந்தால், ஒரு பக்கத்தில் எடுத்த சிம்மின் தடிமனை மறுபக்கத்தில் சேர்ப்பதே முறை. அப்போதுதான் பேரிங்கின் இறுக்கம் மாறாது. நகர்த்திய தடிமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேக்லாஷில் தெரியும்.

மேனுவல் சொல்லும் தரத்தில் ஆயிலை நிரப்புங்கள். பெரும்பாலும் அது ஜி.எல்.-5 கியர் ஆயிலாக இருக்கும். சேர்மம் பல கார்களுக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் தேவைப்படும். திறந்த வெளியில் எட்டு எழுதுவதுபோல் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்டினால் பிளேட்டுகளுக்கிடையே ஆயில் சென்று சேரும். முதல் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஆயிலை வடித்து மாற்றுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருக்கும், அது இயல்பானது. அதில் விரலுக்குக் குத்தும் துணுக்குகள் தட்டுப்பட்டால் மட்டும் பின்மூடியை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.