சுடலைமாடனுக்கு ஒரு கிளெரிக்: சாமிக்குச் சாமி அருள் விதிகளை மாற்றுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கிளெரிக்குக்கு (சாமி அருளால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம்) மந்திரப் பட்டியல் ஒன்றுதான். சாமியின் குணம் தெரிவது டொமைனில், அதாவது அந்தச் சாமிக்கே உரிய கூடுதல் மந்திரங்களிலும் அருளிலும். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துச் சாமிகளுக்காக மாற்ற வேண்டியதும் அதைத்தான். 3-ஆம் நிலைக் கிளெரிக்கை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதுங்கள்: இருப்பிடம், நேரம், படப்பு (சாமிக்குப் படைப்பது), கோபம். சுடலைமாடனுக்குச் சுடுகாடு, நடுச்சாமம், கிடாவும் சுருட்டும். கொடை (கோயில் திருவிழா) தவறினால் கோபம். சாஸ்தாவுக்குச் சைவப் படையல். விளையாட உட்காருபவர்களில் யாருக்காவது அது குலசாமியா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கேட்காமல் தொடங்கவே கூடாது.

அடுத்து டொமைன் மந்திரங்கள் நாலு: முதல் படியில் இரண்டு, இரண்டாம் படியில் இரண்டு. ஒன்றை நீக்கினால் அதற்குப் பதில் அதே படியில் ஒன்றுதான் வைக்கலாம். சுடலைக்கு பேன் (Bane, எதிரியைத் தடுமாற வைப்பது), டிடெக்ட் ஈவில் அண்ட் குட் (பேய் போன்றவை அருகில் இருப்பதை அறிவது), டார்க்னஸ் (இருட்டாக்குவது), ஜென்டில் ரிப்போஸ் சரியாக இருக்கும். கடைசி மந்திரம் பிணத்தை 10 நாள் கெடாமலும் பேயாக எழாமலும் காக்கும். அதற்கு ஒரு சிட்டிகை உப்பும், பிணத்தின் கண்ணுக்கு ஒன்றாகச் செப்புக்காசும் வேண்டும். கண் காசுக்குப் பதில் நெற்றிக்காசு என்று மாற்றுங்கள். நம்ம ஊர்ச் சாவுவீடு கண்முன் வந்துவிடும். காசை எடுத்தால் காவலும் போகும்.

டர்ன் அன்டெட் என்ற கிளெரிக்கின் அருள் பேயை ஓடவிடும். சுடுகாட்டுக் காவல்காரர் பேயை விரட்டுவதைவிடக் கட்டுவதுதான் பொருத்தம். 30 அடிக்குள் விஸ்டம் சேவில் (மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) தோற்ற பேய் 1 நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்கும், தாக்காது. அடிபட்ட பேய்க்கு மட்டும் கட்டு அவிழும். கட்டுண்ட பேயை அடிக்க அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) தராதீர்கள். தந்தால் சுற்றி வளைத்து ஒன்றொன்றாக முடித்துவிடுவார்கள், சண்டையே இருக்காது.

இசக்கியம்மனுக்கு லைஃப் டொமைனின் பிரிசர்வ் லைஃப் (காயம்பட்டவர்களுக்கு உயிர்ப் புள்ளியைப் பகிர்ந்து தருவது) போதும். இந்த நிலையில் 15 புள்ளி; பாதி உயிருக்கு மேல் ஏற்றாது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மட்டும் அந்த வரம்பை எடுத்துவிடுங்கள். பிழைத்தால் தொட்டில் கட்ட வேண்டும் என்பது நேர்ச்சை.

ஆட்டம் நடத்தும் புதியவர்கள் தவறுவது கோபத்தில்தான். சாமி கோபித்தால் எல்லா மந்திரத்தையும் பறித்துவிடுகிறார்கள், கிளெரிக் ஆடுபவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டொமைன் மந்திரம் நாலை மட்டும் மூடுங்கள். முதல் படியில் 4, இரண்டாம் படியில் 2 என்று இருக்கும் ஸ்லாட்டில் (மந்திரம் போடும் வாய்ப்பு) கைவைக்க வேண்டாம். 25 தங்கக்காசுக்குப் படப்பும் ஓர் இரவு காவலும் முடிந்தால் திறந்துவிடுங்கள்.