கேமிங் பிசி: முதல்ல போர்டைப் பாருங்க

கேமிங் பிசி அசெம்பிள் பண்ணும்போது எல்லாருக்கும் கண்ணு கிராபிக்ஸ் கார்டு மேலதான். ஆனா மாட்டிக்கிறது மதர்போர்டுல. ஏஎம்டியோட ரைசன் 7600 பிராசசர் எடுத்தா, அது உட்கார்ற ஏஎம்5 சாக்கெட் இருக்கிற போர்டுதான் வேணும். ரேம் டிடிஆர்5 மட்டும்தான். பழைய பிசியில இருக்கிற டிடிஆர்4 ரேமைக் கழற்றிப் போட்டுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. அடியில இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும், ஸ்லாட்டுல உட்காரவே உட்காராது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசருக்கு எல்ஜிஏ1700 சாக்கெட். அதுல ரெண்டு ரேமுக்கும் தனித்தனி போர்டு இருக்கு, அட்டைப்பெட்டியைப் படிச்சுட்டு வாங்குங்க.

பி650ங்கிற ஏஎம்5 போர்டுல, அதுக்கு அப்புறம் வந்த ரைசன் 9600எக்ஸ் பிராசசரைப் போடறதா இருந்தா, பயாஸ் (பிசியை ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகியிருக்கான்னு கடையிலயே கேட்டுடுங்க.

அப்புறம், கேபினட்டுல எத்தனை மி.மீ. நீளக் கார்டு நுழையும்னு பாருங்க. நான் பார்க்கல. முன்பக்க ஃபேனைக் கழற்றித்தான் கார்டை உள்ளே தள்ளினேன்!