களர் வயலில் தெளியாமல் நின்ற தண்ணீர்

திருச்சி மணிகண்டம் பக்கம் எங்கள் வயலில் நட்ட நாற்று வேர் பிடிக்காமல் மஞ்சளாகிக் கருகியது. யூரியா போட்டோம், சிங்க் சல்பேட் போட்டோம், பச்சை திரும்பவில்லை. வெறும் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவிப் பார்த்ததில் மேல்மண் இன்னும் இறுகியது.

கவனிக்க வேண்டியது தண்ணீரின் நிறம். வயலில் தேங்கியது தெளியவே இல்லை. மண்ணை இரண்டு பாட்டிலில் கரைத்து வைத்தேன். ஒன்று மறுநாளும் டீ போலக் கலங்கலாகவே இருந்தது. ஜிப்சம் போட்டதில் மட்டும் மண் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர்! சோடியம் களித்துகள்களைப் பிரித்து மிதக்கவிடுகிறது. ஜிப்சத்தின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்தால் அவை சேர்ந்து படியும். மண் பரிசோதனையிலும் பி.எச். (கார அமில நிலை) 9-ஐத் தாண்டியிருந்தது. அதாவது சோடியம் மிகுந்த களர் மண்.

பரிந்துரைத்த அளவு ஜிப்சத்தைச் சேற்றில் கலந்து, 10 செ.மீ. தண்ணீர் கட்டி, சில நாள் கழித்து வடித்து, மறுபடி கட்டினோம். வடிகால் முதலில் வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் பிரிந்த சோடியம் வயலிலேயே தங்கிவிடும். பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுது, களரைத் தாங்கும் டிஆர்ஒய் 3 ரக நெல் நட்டோம். பயிர் தூர் கட்டிவிட்டது, அப்பாடா! அடுத்த போகத்துக்கும் தக்கைப்பூண்டு விதை வாங்கி வைத்திருக்கிறேன்.