பர்மிட் வாங்கியாச்சு, டிரெயில் நமக்கே சொந்தமா? ஸ்னோமொபைல்காரர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளுக்கான டிரெயில்கள், அதாவது பாதைகள், ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பின்னிக் கிடக்கின்றன. அவ்வளவு நீளத்தை வரைபடத்தில் பார்த்ததும் இது ஏதோ அரசாங்கம் போட்ட ரோடு என்று நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், பாதித் தவறுகள் அங்கிருந்துதான் முளைக்கின்றன. மரம் வெட்டி வழி எடுப்பது, ஓடைக்கு மேல் பாலம் போடுவது, வழி காட்டக் கம்பு நடுவது எல்லாம் அந்தந்த ஊர் ஸ்னோமொபைல் கிளப். அதில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். 1966இல் தொடங்கிய ஓ.எஃப்.எஸ்.சி. (ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கிளப்களின் கூட்டமைப்பு) என்ற கூட்டமைப்பின் கீழ் இந்தக் கிளப்கள் இயங்குகின்றன. டிரெயிலில் ஓட்டுவதற்கு நாம் கட்டும் பர்மிட் காசு பாதையைப் பராமரிக்கத்தான், நிலத்துக்கு வாடகை இல்லை.

நிலம் யாருடையது? டிரெயிலின் பெரும் பகுதி தனியார் நிலத்தில் போகிறது. ஒரு விவசாயி, "குளிர்காலத்துக்கு மட்டும் போய்க்கொள்ளுங்கள்" என்று கிளப்புக்கு அனுமதி தந்திருப்பார், அவ்வளவுதான். அந்த வயலில் இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவே போக வேண்டும். ஆனால் பக்கத்தில் யாரும் மிதிக்காத பனி பஞ்சுபோல விரிந்து கிடக்கும், கை துறுதுறுக்கும், ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவோமே என்று தோன்றும். முதல் வருஷம் நானும் அடித்தேன். கிளப்பில் ஒரு பெரியவர்தான் பிறகு சொன்னார், அந்தப் பனிக்கு அடியில் குளிர்கால கோதுமை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று. பனி தளர்வாக இருக்கும்வரை அது பயிருக்குப் போர்வை; வண்டி ஏறி இறுகிவிட்டால் குளிர் நேராக வேருக்கு இறங்கிவிடும். வசந்தத்தில் அந்த வட்டம் மட்டும் வயலில் சொட்டையாகத் தெரியும். அதைப் பார்த்து அந்த விவசாயி அனுமதியை ரத்து செய்தால் அவர் வயல் மட்டும் போகாது, இரண்டு ஊர்களுக்கு நடுவே பாதையே அறுந்துபோகும். சத்தத்துக்காக சைலென்சரை மாற்றிக்கொண்டு நள்ளிரவில் வீடுகளை ஒட்டி உறுமிக்கொண்டு போகிறவர்கள் செய்வதும் இதே வேலையைத்தான்.

அடுத்தது, "இவ்வளவு பனி கொட்டியிருக்கு, இன்னும் ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?" என்ற புலம்பல். டிசம்பரில் தினமும் கேட்கலாம். கூட்டமைப்பின் ஆன்லைன் வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் பார்த்துப் போ, சிவப்பு என்றால் போகாதே. முன்பு சொன்ன அதே போர்வை இங்கே எதிரியாகிவிடுகிறது: தரை உறைவதற்கு முன்பே பனி கொட்டிவிட்டால் அடியில் சதுப்பு உறையாமல் கொழகொழவென்றே இருக்கும், மேலே பார்த்தால் வெள்ளை வெளேர். கிளப்காரர்கள் அங்கே பனியை மிதித்து இறுக்கி, குளிர் உள்ளே இறங்கவிட்டு, பிறகுதான் பாதையைச் சமப்படுத்தும், பல டன் எடையுள்ள குரூமர் வண்டியை ஏற்ற முடியும். சிவப்புப் பாதையில் போகிறவர் வண்டியைச் சேற்றில் இறக்குவது அவர் பாடு, ஆனால் நில உரிமையாளர் கொடுத்த அனுமதி பாதை திறந்திருக்கும் நாட்களுக்குத்தான். சிவப்பில் போனால் அது அத்துமீறல்.

குரூமரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பின்னால் ஒரு நீண்ட இழுவையைக் கட்டிக்கொண்டு, மேடு பள்ளங்களைச் சீவி, பனியைப் புரட்டி, தட்டையாக அமுக்கிக்கொண்டே போகும். மெதுவாகத்தான் போகும், பெரும்பாலும் இரவில். அப்படிப் போட்ட பனி குளிரில் சில மணி நேரம் கிடந்தால்தான் கெட்டிப்படும். அதற்குள் பத்து வண்டி ஏறினால் ஈர சிமெண்டில் நாய் நடந்த கதைதான். அதனால் உங்கள் பயணத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே குரூமர் வந்தால் வலது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். பின்னாலிருந்து முந்த வேண்டுமென்றால், அது எழுப்பும் பனித்தூசியில் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள் என்பதை மறக்காமல், அவர் பார்த்துக் கை காட்டும்வரை தள்ளியே இருங்கள்.

ஏரி. இதில்தான் உயிர் போகிறது. ஏரிமேல் கம்பு நட்டிருக்கிறார்களே, அப்படியானால் பத்திரம்தானே என்று கேட்பார்கள். இல்லை. கம்பு வழி காட்டும், பனிக்கட்டியின் கனத்துக்கு ஜாமீன் நிற்காது. நட்ட அன்றைக்கு நட்டவரைத் தாங்கியது, அவ்வளவுதான். கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்கு 25 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்கிறது, அதுவும் தெளிவான நீலக் கட்டி. வெள்ளையாக இருந்தால் பலம் பாதி. சாம்பல் நிறம் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். ஓடை வந்து சேரும் வாயிலும் இரண்டு கரை நெருங்கும் இடத்திலும் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஜனவரியிலும் மெலிந்திருக்கும்.

வேகத்துக்கு வருவோம். டிரெயிலில் உச்ச வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். வண்டி அதைவிடப் பல மடங்கு போகும், அது வேறு விஷயம். வளைவில் நடுவே போகாதீர்கள், எதிரே வருகிறவரும் அதையே நினைத்துக்கொண்டு வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு என்ன சட்டமோ அதேதான், கார் லைசென்சும் சேர்ந்தே போகும். ஸ்னோமொபைலை ஏற்றி வரும் டிரெயிலரைப் பண்ணை வாசலை மறித்து நிறுத்துவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பர்மிட் வாங்கியதோடு கிளப்பை மறந்துவிடுவது. கிளப்புக்கு ஆள் தேவைப்படுவது ஜனவரியில் இல்லை. அக்டோபரில் விழுந்த மரங்களை அறுக்கவும், மார்ச் கடைசியில் சேற்றில் நடந்து வயலில் நட்ட கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கவும்தான். ஒரு கம்பு தப்பிப்போய் அங்கேயே நின்றால் அந்த விவசாயியின் அறுவடை இயந்திரத்தில்தான் போய்ச் சிக்கும், அடுத்த குளிர்காலத்துக்கு அனுமதி கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவதும் இதே கிளப்காரர்தான்.