வேத தியானம்: வாக்குத்தத்தம் பொறுக்குவதும் வேறு சில தவறுகளும்

ஜனவரி பிறந்தால் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் யாராவது வந்து, "அண்ணே, இந்த வருஷம் தினமும் தியானம் பண்ணணும்னு இருக்கேன்" என்பார்கள். புது நோட்டு, மூன்று நிறத்தில் ஹைலைட்டர், போனில் வேத வாசிப்பு ஆப், எல்லாம் தயாராக இருக்கும். தவக்காலம் தொடங்குவதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, தப்பான முறையில் உழைத்துக் களைத்துப்போனவர்கள். ஒரு காலத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

அதிகாலையில் எழுந்திரு, போனைத் தள்ளி வை, படுக்கையில் சாய்ந்துகொண்டு வாசிக்காதே என்பதெல்லாம் சண்டே ஸ்கூலிலேயே சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜெபத்தில் தொடங்கி ஜெபத்திலேயே தொலைந்துபோவது

எழுந்ததும் முழங்காலில் நிற்பது நல்ல பழக்கம்தான். ஆனால் தூக்கம் கலையாத மனதுக்கு உடனே பேச எதுவும் கிடைப்பதில்லை. நேற்றைய சண்டை, இன்றைய இ.எம்.ஐ., பஸ் நேரம் என்று சுற்றிவிட்டு, "ஆமென்" சொல்லும்போது அரை மணி நேரம் போயிருக்கும். வேதத்துக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம்.

பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரும் இதைத்தான் பல வருஷம் செய்திருக்கிறார். காலையில் முதல் பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணிகூட மனம் அலைந்த பிறகுதான் உண்மையில் ஜெபிக்கவே ஆரம்பித்ததாக 1841-ல் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வரிசையை மாற்றினார். ஆசீர்வாதம் கேட்டு ஓரிரு வார்த்தை சொல்லிவிட்டு நேராக வசனத்துக்குப் போனார். வசனத்தை யோசிக்க யோசிக்கச் சில நிமிடங்களிலேயே பாவ அறிக்கையோ நன்றியோ விண்ணப்பமோ தானாக வந்தது. புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இந்த வரிசையைத்தான். பேசுவதற்கு முன்னால் அவர் பேசுவதைக் கேளுங்கள்.

ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுப்பது

நீளமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிற விஷயம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டு நீளும். உள்ளே குட்டி குட்டி வசன அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் வருஷம் முழுவதற்குமான வாக்குத்தத்தம். பிடித்தது வராவிட்டால் நைசாக அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறவர்களும் உண்டு. எரேமியா 29:11 வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம் அது.

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு ஒரு வருஷம் அது வந்தது. லேமினேட் செய்து மேஜையில் நிறுத்திவைத்து, காலைதோறும் அந்த ஒரு வசனத்தையே தியானித்தான். எதிர்பார்த்திருக்கும் முடிவு என்றால் அவனுக்கு ரிசல்ட்டில் அவனுடைய நம்பர். பட்டியல் வந்தது, நம்பர் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் காணோம். டீக்கடையில் ஒருநாள் பிடித்துக் கேட்டபோது, "அவரு சொன்னதைச் செய்யலண்ணே" என்றான். அவனுக்கு அப்படி அவர் சொல்லவே இல்லை என்று எடுத்துச் சொல்ல அந்த வருஷம் முழுவதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனும் அந்த அதிகாரத்தை ஒரு தடவைகூட முழுதாக வாசித்திருக்கவில்லை.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை, ஆலயத்தில் எல்லோரும் பார்க்க எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பிவருவார்கள் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமையான செய்தி! எரேமியாவே முதலில் "ஆமென்" என்கிறார். ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. அனனியா அந்த வருஷமே செத்துப்போகிறான்.

இதற்குப் பிறகு 29-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. 30 வயதில் அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்டவன் ஊர் திரும்ப 100 வயது வரை இருக்க வேண்டும். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்ற வார்த்தையைக் காதால் கேட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே புதைக்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் காரியம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்பது. அடுத்தது, உங்களைப் பிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்பது.

11-ஆம் வசனத்தை மட்டும் அட்டையில் அச்சடித்துக் கொடுக்கும்போது எரேமியாவின் கடிதத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறோம். சீக்கிரம் கிடைத்துவிடும் என்பதுதானே அட்டையை எடுத்தவன் காதில் விழுகிறது?

அந்தத் தம்பி 5-ஆம் வசனத்தில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அங்கே நிறைய இருந்தது. வேலை கிடைத்த பிறகுதான் வாழ்க்கை என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவன் அவன். நண்பர்கள் கல்யாணத்துக்குப் போவதில்லை, பாடகர் குழுவில் பாடுவதை விட்டுவிட்டான், அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. காத்திருக்கிற ஊரிலேயே செடி நடு, அங்கேயே வாழ் என்கிற வசனம் அவன் வீட்டுக் கதவையே தட்டியிருக்கும். 70 வருஷத்துக்கு அப்பாலும் கணக்கு வைத்திருக்கிற தேவன் என்பது ரிசல்ட் பட்டியலைவிடப் பெரிய ஆறுதல். அதை அவனுக்குக் கொடுக்காமல் லாட்டரிச் சீட்டைக் கொடுத்தோம்.

இதே தவறு இன்னொருவர் தலையில் விடியும்போது இன்னும் மோசம். ஒரு வரன் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "ஜெபத்துல வசனம் வந்துச்சு. ஆதியாகமம் 24:50, இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது. இனி யாரும் பேசப்படாது" என்றார். பெண்ணின் அம்மா வாயடைத்துப்போனார். பெண் உள்ளறையில் இருந்தாள். அது ஈசாக்குக்குப் பெண் கேட்கிற அதிகாரம். அதிலேயே எட்டு வசனம் தாண்டி, பெண்ணை அழைத்து அவள் வாயாலேயே கேட்போம் என்று சொல்லி, "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா" என்று ரெபெக்காளைக் கேட்கிறார்கள். உடனே கிளம்புகிறாயா என்பதுதான் அங்கே கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவள் "போகிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பெரியவருடைய தியானம் 50-லேயே நின்றுவிட்டது. 58 வரை போயிருந்தால் உள்ளறைக் கதவைத் திறந்திருப்பார்.

பிய்த்தெடுத்த வசனம் எவ்வளவு தூரம் போகும் என்று வேதமே காட்டுகிறது. மத்தேயு 4-ல் இயேசுவிடம் பிசாசு சொல்வது பொய் வசனம் இல்லை, 91-ஆம் சங்கீதம். நம் வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிற அதே சங்கீதம். தேவாலயத்து உப்பரிகையில் நிற்கவைத்து, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், தாழக்குதியும் என்கிறான். கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று உபாகமத்திலிருந்து இயேசு பதில் சொல்கிறார். அந்த வசனமோ, தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயோடு வாதாடின மாசா சம்பவத்தைச் சொல்லிக்காட்டுகிற வசனம். இயேசு இழுத்த வசனம் தன் கதையோடு சேர்ந்தே வருகிறது.

பரீட்சை ஹால் டிக்கெட்டில் பிலிப்பியர் 4:13 எழுதிக்கொண்டு போகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." எழுதிய பவுல் விலங்கோடு காவலில் இருந்தவர். முந்தின வசனத்தில் பட்டினி கிடக்கவும் தெரியும் என்கிறார். கணக்குப் பேப்பரில் தோற்றுவிட்டு வந்து அந்தப் பிள்ளை வாசிக்க வேண்டிய வசனம் அது. அப்போது யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

சீட்டு எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து மொரேவியர்கள் என்ற சபையார் 1731 முதல் வருஷந்தோறும் அச்சிட்டு வருகிற தினவசனப் புத்தகத்திலும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதோடு பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது சீட்டை மட்டும்.

அட்டை கிடைத்தால் அதை ஒரு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பாருங்கள். அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், அவர்கள் அப்போது எந்த நிலைமையில் இருந்தார்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு அந்த வசனத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தங்குங்கள். "இது எனக்கு" என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

அதிகாரக் கணக்கு

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடியும். வாசிப்புக்கு இது நல்ல திட்டம். தியானத்துக்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவன் லேவியராகமத்தில் குஷ்டரோகப் பரிசோதனை அதிகாரங்களுக்கு வரும்போது ஓட ஆரம்பிப்பான். கண் வரிகளில் ஓடும், டிக் விழும், மூடிவைத்தபின் என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842 கடைசியில் தன் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் பலர் பின்பற்றுவது அது. பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவை. அட்டவணையின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் அதன் ஆபத்துகளைப் பட்டியலிட்டார்: வெறும் சடங்காகிவிடும், சுயநீதி வந்துவிடும், கவனமில்லாமல் வாசிப்பீர்கள், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும். சில மாதங்களில், 29 வயதில், அவர் இறந்துபோனார். நம் ஊரில் அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

காலையில் தியானத்துக்கு நாலைந்து வசனம் போதும். அதிகாரங்களை ராத்திரியோ பஸ்ஸிலோ வாசித்துக்கொள்ளலாம், ஆடியோவில் கேட்கவும் செய்யலாம்.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது

திறங்கள். புத்தகம் எதிரில் இருக்கிறது.

இனிப்பான பக்கங்களிலேயே குடியிருப்பது

சிலருடைய வேதத்தில் 23-ஆம் சங்கீதப் பக்கம் கிழிந்து தொங்கும், 88-ஆம் சங்கீதப் பக்கம் கடையிலிருந்து வந்தபடியே மடங்காமல் இருக்கும். 88 இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம். கடைசி வசனம்கூட "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றுதான் முடிகிறது.

புருஷனைப் பறிகொடுத்த ஒரு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்று ஒரே வாரத்தில் எத்தனையோ பேர் அனுப்பியிருந்தார்கள். அவர் போனையே திருப்பிக் கவிழ்த்து வைத்திருந்தார். என் மனைவி போய் 88-ஐ வாசித்துக் காட்டினாள். "இப்பிடியும் பைபிள்ல எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மறுநாள் காலை தானாகவே வேதத்தைத் திறந்திருக்கிறார். சுகமாக இருக்கும் காலத்திலேயே புலம்பலையும் யோபுவையும் மெதுவாகக் கடந்துவந்திருந்தால், அவசரத்துக்கு எங்கே தேடுவது என்று தெரிந்திருக்கும்.

பிறருக்காகத் தியானிப்பது

"இது என் மச்சானுக்குன்னே எழுதின வசனம்" என்று தோன்றுகிற நிமிடத்தில் தியானம் முடிந்துவிட்டது. ஸ்டேட்டஸில் போட வசனம் தேடுவதும் இதே ரகம்.

விட்டுப்போன நாட்களை அடைக்கப் பார்ப்பது

வேண்டாம். இன்றைக்குள்ள பகுதியை எடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எங்கேயாவது திறப்பது

பிலிப்பியரில் தொடங்குங்கள். நாலு அதிகாரம், 104 வசனம். முதல் நாள் ஒன்றும் எழுதாமல் முழுக் கடிதத்தையும் ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் நாள் அப்போஸ்தலர் 16 வாசியுங்கள். லீதியாள், சிறைச்சாலைக்காரன், நள்ளிரவுப் பாட்டு எல்லாம் அங்கே இருக்கிறது. பிலிப்பி சபை எப்படிப் பிறந்தது என்று தெரியும். மூன்றாம் நாளிலிருந்து நாலைந்து வசனமாகப் போங்கள். 4:13-க்கு வந்து சேர நாலு வாரம் போல ஆகும். அதற்குள் அந்த வசனத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.