செயின்சா உதிரிபாகம்: எதை உள்ளூர்க் கடையில் வாங்குவது, எதை இணையத்தில் வாங்குவது?

தென்னந்தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் சீமைக் கருவேலங்காட்டிலும் நாள் முழுவதும் ஓடுகிற செயின்சா என்னும் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு உதிரிபாகச் செலவு நின்றபாடில்லை. ஒரே பாகம் கடையில் ஒரு விலைக்கும் இணையத்தில் வேறொரு விலைக்கும் கிடைப்பதால், விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்களே அதிகம். விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. நமக்கு வேண்டிய பாகத்தை எண்ணாலும் அளவாலும் ஐயமின்றிச் சொல்லிவிட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்த பாகத்தை எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம். பொருத்திப் பார்த்தால்தான் தெரியும் என்கிற பாகத்தையும், பழுதானால் ஆளுக்கே ஆபத்து என்கிற பாகத்தையும் கடைக்கு நேரில் போய் வாங்குவதே சரி.

அதிகம் தேய்வதும் அதிகம் தவறாக வாங்கப்படுவதும் செயின்தான். “20 இஞ்ச் செயின் கொடுங்கள்” என்று கேட்டால் கடைக்காரருக்கும் இணையதளத்துக்கும் பாதி விவரம்தான் போய்ச் சேரும். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். அடுத்தடுத்துள்ள மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, அதில் பாதி எடுத்தால் பிட்ச் கிடைக்கும். பாதியாக்கும் முன் அந்த அளவு ஏறத்தாழ 16.5 மி.மீ. வந்தால் அது .325 அங்குலச் செயின், 18.6 மி.மீ. வந்தால் 3/8 அங்குலச் செயின். 3/8 அங்குலத்திலேயே சிறிய இயந்திரங்களுக்கான உயரம் குறைந்த வகை ஒன்று தனியாக உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கக் கூடாது. செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடுதான் பார். கேஜ் என்பது அந்தப் பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் செயினின் அடிப்பல்லான டிரைவ் லிங்க்கின் தடிமன், 1.3, 1.5, 1.6 மி.மீ. ஆகியவை பரவலாகப் புழங்கும் அளவுகள். டிரைவ் லிங்க்குகளை எண்ணும்போது முதல் லிங்க்கில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுவிட்டு எண்ணினால் தவறு வராது.

இந்த மூன்றும் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சீனாவிலிருந்து பல பெயர்களில் வந்து இறங்கும் 58 சிசி இயந்திரங்களில் 20 அங்குல பாருக்குப் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜ், 76 லிங்க் செயின் வரும். 22 அங்குலம் என்றால் 86 லிங்க். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 250 இயந்திரத்தின் 18 அங்குல பாருக்கும் .325 பிட்ச்தான், ஆனால் கேஜ் 1.6 மி.மீ., லிங்க் 68. பிட்ச் ஒன்றுதானே என்று 1.5 மி.மீ. செயினை 1.6 மி.மீ. பள்ளத்தில் மாட்டினால் ஏறிவிடும், ஓடவும் ஓடும். ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், அறுப்பு கோணிப்போகும், பாரின் விளிம்பும் விரைவில் தேயும். 1.6 மி.மீ. செயினோ 1.5 மி.மீ. பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது.

அளவுகோல் கையில் இல்லாதபோது செயினிலேயே பொறித்திருக்கும் எண்கள் உதவும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்டில் செயினில் டிரைவ் லிங்க் மீது 3, 5, 6 என ஓர் இலக்கம் தெரியும். அவை முறையே 1.3, 1.5, 1.6 மி.மீ. கேஜைக் குறிக்கின்றன. ஓரிகன் நிறுவனச் செயினில் 20, 21, 22 என்றிருந்தால் .325 பிட்ச்; கேஜ் அதே வரிசையில் 1.3, 1.5, 1.6. ஓரிகனின் 91 என்பது உயரம் குறைந்த 3/8 வகை. அரம் வாங்கவும் இந்த விவரமே போதும்: .325க்கு 4.8 மி.மீ., உயரம் குறைந்த 3/8க்கு 4 மி.மீ. உருண்டை அரம். அரத்தை அளவு பார்த்து இணையத்தில் தயங்காமல் வாங்கலாம்.

மற்ற பாகங்களுக்கு நிறுவனத்தின் பாக எண்தான் முகவரி. ஸ்டில் பாக எண் பதினொரு இலக்கம் கொண்டது. அதன் முதல் நான்கு இலக்கங்கள் இயந்திரத்தின் வரிசையைச் சொல்லும்: எம்எஸ் 180க்கு 1130, எம்எஸ் 250க்கு 1123. 0000 என்று தொடங்கும் எண் பல மாடல்களுக்கும் பொதுவான பாகத்துக்கு உரியது. ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் எண் ஒன்பது இலக்கம். இயந்திரத்தைப் பிரித்துக் காட்டும் படங்கள் பாக எண்களோடு இணையத்தில் கிடைக்கின்றன. கடையில் வாங்குவதானாலும் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாக எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் கடைக்காரரும் வேறு பாகத்தைக் காட்டி “இதுவும் சேரும்” என்று சொல்லத் தயங்குவார்.

உள்ளூரில் கடை என்று நாம் சொல்வதில் மூன்று வகை உண்டு: நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர், பல நிறுவனச் சாமான்களையும் வைத்திருக்கும் விவசாயக் கருவிக் கடை, பழுது பார்த்துக்கொண்டே உதிரிபாகமும் விற்கும் மெக்கானிக். பில்லும் உத்தரவாதமும் முதலாமவரிடம் உறுதி. விலை குறைவும் பழைய மாடலுக்கான சரக்கும் இரண்டாமவரிடம் கிடைக்கும். மூன்றாமவரிடம் நாம் வாங்குவது பாகத்தைவிட அவருடைய கையைத்தான். அது பல சமயம் பாகத்தைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

பல கடைகளில் செயின் 100 அடிச் சுருளாக வந்து, நமக்கு வேண்டிய லிங்க் எண்ணிக்கைக்கு வெட்டி இணைத்துத் தரப்படுகிறது. எந்த நீளத்துக்கும் அங்கேயே கிடைக்கும் என்பது இதில் பெரிய வசதி. ஆனால் இணைப்பை நின்று பார்த்து வாங்க வேண்டும். ரிவிட் சுற்றும் கருவியால் இணைத்த இடத்தில் ரிவிட்டின் தலை மற்ற ரிவிட்டுகளைப் போலவே வட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். சுத்தியலால் அடித்து இணைத்த இடத்தில் தலை நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்த இடத்தை இரு விரலால் பிடித்து மடக்கிப் பாருங்கள்: இறுக்கமாக நின்றாலும் தவறு, பக்கவாட்டில் ஆடினாலும் தவறு, மற்ற இணைப்புகளைப் போல இலகுவாக மடங்க வேண்டும். அறுப்பின் நடுவில் அறுந்து பறக்கும் செயின் எந்த அளவுக்குக் காயப்படுத்தும் என்பதைத் தெரிந்தவர்கள் இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க மாட்டார்கள். பழைய பாரையும் கையோடு கொண்டுபோனால், புதிய செயினைப் பள்ளத்தில் வைத்து ஆட்டம் பார்த்துவிடலாம்.

பாரையும், செயினை இழுத்துச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டு செயின் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுவது பொது வழக்கம்; பல்லில் அரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதிய செயினையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பார் வாங்கும்போது நீளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், போல்ட்டில் மாட்டும் வாயின் அகலமும் எண்ணெய்த் துளையின் இடமும் நம் இயந்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துளை ஒத்துவராவிட்டால் எண்ணெய் பாருக்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். இணையதளப் படத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். பழைய பாரின் மேல் புதியதை வைத்துப் பார்ப்பது எளிது.

இயந்திரத்தின் உள்பாகங்களுக்கு வந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். எம்எஸ் 250க்கே வால்ப்ரோ, ஜாமா ஆகிய இரு நிறுவனங்களின் கார்புரேட்டர்களும் பொருத்தப்பட்டு வந்திருக்கின்றன. மாடல் பெயரை மட்டும் நம்பி டயாஃப்ரம் கிட் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுகளின் தொகுப்பு) வாங்கினால் துளைகள் ஒத்துவராது. கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அதற்குரிய கிட்டைத்தான் கேட்க வேண்டும். அந்த எண் தெரிந்துவிட்டால் கிட்டை இணையத்தில் வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. சிறு கடைகளில் அது பல ஆண்டுகள் கிடந்து விறைத்துப் போயிருக்கவும் கூடும். டயாஃப்ரம் விரலில் துணிபோல வளைய வேண்டும், காகிதம்போல மடிப்பு விழக் கூடாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. ஹஸ்க்வர்னாவின் கையேடோ 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் வேண்டாம் என்கிறது. ஆகவே எரிபொருள் குழாயும் டயாஃப்ரமும் முன்பைவிட விரைவில் கெடலாம் என்று எதிர்பார்த்து, எத்தனாலைத் தாங்கும் என்று வெளிப்படையாகக் குறித்திருக்கும் குழாயையே வாங்குங்கள்.

பிஸ்டன் செட் விஷயத்தில் என் அறிவுரை வேறு. சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்ட பிஸ்டனுக்கு இணையத்தில் மலிவாக ஒரு செட் வாங்கி மாட்டுவது பலர் செய்யும் காரியம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்டிய புதிய பிஸ்டனும் அதே வழியில் போகும். பழைய பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கீறல்கள் இருந்தால் எண்ணெய்க் கலவை குறைந்தது, கார்புரேட்டர் சரியாக வைக்கப்படாதது, எங்கோ காற்று புகுந்தது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். கார்புரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையமான கிராங்க் சீல் வழியாகக் காற்று புகுகிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்கக் கருவி வேண்டும். அது நல்ல டீலரிடமோ தேர்ந்த மெக்கானிக்கிடமோதான் இருக்கும். எனவே பிஸ்டன், சிலிண்டர், சீல் மூன்றையும் வேலை செய்து தருபவரிடமே வாங்குவது, சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும், முடிவில் மலிவு. பெயரில்லாத இறக்குமதி இயந்திரமாக இருந்து இணையம் தவிர வேறு வழியில்லை என்றால், மூடியில் எழுதியிருக்கும் சிசியை நம்பாமல் பிஸ்டனின் விட்டத்தை வெர்னியரால் அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள். 43, 45, 45.2 மி.மீ. என்று அளவுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன.

செயின் பிரேக்கின் பட்டை, அறுந்த செயினைப் பிடிக்கும் கேட்சர், ஆக்சிலேட்டர் பூட்டு, கைப்பிடி அதிர்வு ரப்பர் ஆகியவற்றை நிறுவனத்தின் அசல் பாகமாக, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் மட்டுமே வாங்குங்கள். பாரின் மூக்கின் மேல்பகுதி மரத்தில் பட்டு இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும்போது அந்தப் பிரேக் ஒன்றுதான் இடையில் நிற்கிறது.

இணையத்தில் வாங்குவதென்று முடிவானபின், விற்பவர் யார் என்பதைத் தளத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் பெயரும் முகவரியும், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும், திருப்பி அனுப்பும் நிபந்தனைகளும் வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பிரபல நிறுவனத்தின் ஸ்பார்க் பிளக்கோ செயினோ நம்ப முடியாத விலைக்குக் காட்டப்பட்டால் அதைப் போலி என்றே கொள்ளலாம். பிளக்குகளில் போலி மிகுதி, அதைக் கடையில் பில்லோடு வாங்கிவிடுவதே நிம்மதி. பார்சல் வந்ததும் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, லிங்க் எண்ணி, உறுதியான பிறகே மாட்டுங்கள். எண்ணெய் பட்ட செயினை எவரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். தவறான பொருளை அனுப்பிவிட்டு விற்பவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். உள்ளூர்க் கடையிலும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கியதற்கு வாய்ப்பேச்சுதான் சாட்சி.

விலையை ஒப்பிடும்போது அனுப்பும் கட்டணத்தோடு, வேலை நின்ற நாட்களின் கூலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்று ஆட்கள் தோப்பில் காத்திருக்க, ஒரு ஸ்டார்ட்டர் கயிற்றுக்காகக் கூரியரை எதிர்பார்ப்பது எந்த விலையிலும் கட்டுப்படியாகாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அத்தகைய நாட்களில் சாலையும் மின்சாரமும் கைப்பேசியும் ஒருசேர நின்றுபோகும். கடையில் இருக்கும் சரக்கும் முதலில் வந்தவருக்குத்தான். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, எண் தெரிந்த பாகங்களை அவசரமில்லாமல் விலை பார்த்து இணையத்தில் வாங்கி வைத்துவிடலாம்: இரண்டு செயின், அரம், ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, டயாஃப்ரம் கிட். பிளக்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நடையில் இயந்திரத்தையும் கொடுத்துக் கார்புரேட்டரைச் சரிபார்த்து வந்துவிடலாம். ரப்பர் பாகங்களை வெயில் படாத டப்பாவிலும், செயினை எண்ணெய் தடவிய பையிலும் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பாக எண்ணையும் வாங்கிய மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.