டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் உருட்டிச் செல்லும்போது, சிறு விமானத்தை எதிலும் மோதாமல் ஓட்டுவது எப்படி?

விமானம் நகரத் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஓரிரு அடிக்குள்ளேயே பிரேக்கை மிதித்துப் பார்ப்பது. பயிற்றுநர் உடன் இருந்தால், அவர் பக்கத்துப் பிரேக்கையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். நிறுத்துமிடத்தில் மனிதர் வேகமாக நடக்கும் வேகம் போதும். அதைத் தாண்டினால் முதலில் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொட வேண்டும். விசையைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகலாம்.

செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தின் இறக்கை, நுனியிலிருந்து நுனி வரை சுமார் 11 மீட்டர் நீளமுள்ளது. மஞ்சள் நடுக்கோட்டின் மேல் மூக்குச் சக்கரம் சரியாக ஓடினாலும், எரிபொருள் வண்டியை ஒருவர் ஓரமாக நிறுத்தாமல் போயிருந்தால் அந்தக் கோடு உங்களைக் காப்பாற்றாது. செஸ்னாவின் உயர்ந்த இறக்கை தாழ்ந்த வேலியைத் தாண்டிவிடும், ஆனால் கொட்டகைக் கதவிலோ பக்கத்துச் செஸ்னாவின் இறக்கையிலோ இடிக்கும். பைப்பர் செரோக்கியின் தாழ்ந்த இறக்கைக்கோ வேலிக் கம்பமே போதும். நெருக்கமான வரிசையில் இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இடைவெளி போதுமா என்ற ஐயம் எழுந்தால் நின்றுவிடுங்கள். எஞ்சினை அணைத்து, ப்ரொப்பெல்லர் நின்றபின் இறங்கி, கையால் தள்ளிக்கொண்டு போவதில் எந்த அவமானமும் இல்லை.

மூன்றாம் சக்கரம் மூக்கின் கீழ் இல்லாமல் வாலின் கீழ் இருக்கும் வால்சக்கர விமானங்களில் மூக்கு நிமிர்ந்திருப்பதால் நேர் எதிரே இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவில், இரண்டாம் உலகப் போர்க்கால அவெஞ்சர் போர்விமானம் ஒன்று டாக்ஸி செய்துகொண்டே முன்னால் இருந்த ஆர்வி-6 என்னும் சிறு விமானத்தின் மீது ஏறியதில், அந்தச் சிறு விமானத்தின் பயணி உயிரிழந்தார். ஆகவே இவ்வகை விமானத்தை இடமும் வலமுமாக வளைத்து ஓட்டி, ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு ஜன்னல் வழியே முன்புறத்தைப் பார்க்க வேண்டும். அதன் முன்னால் செல்பவரும், தம்மைப் பின்னால் வருபவர் பார்த்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

சக்கரம் உருளும்போது சரிபார்ப்புப் பட்டியல், ரேடியோ அலைவரிசை, வரைபடம் எதையும் குனிந்து பார்க்காதீர்கள். அவற்றை நின்றபின் செய்யலாம். வழி தவறியதாகத் தோன்றினால் அங்கேயே நின்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேளுங்கள். 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில், மூடுபனியில் தவறான பாதையில் சென்ற செஸ்னா சைட்டேஷன் என்னும் சிறு ஜெட் விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பெரிய விமானத்தோடு மோதியதில் 118 பேர் இறந்தனர்.

பிரேக் முற்றிலும் கைவிட்டால், எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடியை முழுவதும் இழுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, மனிதர்களும் விமானங்களும் இல்லாத புல்வெளிப் பக்கம் திருப்புங்கள். இறக்கை நுனி எதிலாவது லேசாக உரசியிருந்தாலும், அதிர்ச்சி இறக்கையின் உள்ளே அதைத் தாங்கும் முதன்மைத் தண்டு வரை சென்றிருக்கலாம் என்பதால், பொறியாளர் பார்த்து அனுமதிக்கும்வரை அந்த விமானத்தைப் பறக்கவிடக் கூடாது.